கரையில் இருப்பவர்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறாதே.

கடலைப் பார்த்துவிட்டேன். டிவியில் பார்த்ததைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

அறையில் நாலு பேர். எனக்கு மேல் கட்டில். கீழே படுப்பவளை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறார்கள். அவள் பாதம் கட்டிலுக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும். போனை ஆபீசில் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். போன வருடம் ஒரு பையன் படகிலிருந்து படம் பிடிக்கப் போய்த் தண்ணீரில் விழுந்தானாம். நவம்பரில் பயிற்சி முடிந்தால்தான் போன் கைக்கு வரும். அதுவரை கடிதம்தான். உனக்குக் கடிதம் எழுத வருமா என்று இப்போது தெரிந்துவிடும்.

பூட்ஸ், மழைக்கோட்டு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் அறக்கட்டளை கொடுத்தது. பாய்ப்படகு ஓட்டுவது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டாகவே இருக்கக்கூடாது என்று ஒரு கப்பல்காரர் சொத்தை எழுதிவைத்துவிட்டுப் போனாராம். வருடத்துக்கு இருபது பேர். என் நம்பர் பதினேழு.

படகுத்துறையில் ஒரு நீளப் பலகை இருக்கிறது. மேல் வரிசைக் கொக்கிகளுக்குக் ‘கரை’ என்று பெயர், கீழ் வரிசைக்குக் ‘கடல்’. ஆளுக்கொரு தகர வில்லை. படகேறும்போது நம் வில்லையைக் கீழே மாட்ட வேண்டும், திரும்பி வந்ததும் மேலே. எல்லா வில்லையும் மேலே வரும்வரை ஒருவர் அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குக் கரைக்காவல் என்று பேர். யாருக்கும் பிடிக்காத வேலை.

ஞாயிற்றுக்கிழமை போர்வை துவைத்தால் மடிக்க மறுமுனையை யார் பிடிக்கிறார்கள்?

உன் தங்கை

*

ஜனவரி 24

என் வாலுக்கு,

நீ சுகமாகப் போய்ச் சேர்ந்ததில் நிம்மதி. இங்கே நானும் என் முழங்காலும் மூன்றாவது மாடியும் இருந்த இடத்திலேயே இருக்கிறோம். சளி பிடித்தால் உடனே சொல். மறைக்காதே.

கடிதம் எழுத வருமா என்று கேட்கிறாய். நான் தினமும் எட்டு மணி நேரம் எழுதுகிறவள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மூட்டை வந்தால் எந்த வார்டு, எத்தனை விரிப்பு, எத்தனை தலையணை உறை என்று எழுதி, வாங்கியதற்குக் கையெழுத்துப் போட்டு, பக்கத்திலேயே மணியும் போட வேண்டும். பதினைந்து வருஷப் பழக்கம், இப்போது வீட்டுக்கும் வந்துவிட்டது. போன வாரம் எதிர்வீட்டு டைப்பிஸ்ட் அம்மா கைமாற்று வாங்கிய சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்தார். நான் காலண்டரில் கையெழுத்துப் போட்டு மணியும் போட்டுவிட்டேன். “சர்க்கரைக்கு ரசீதா?”ன்னு கேட்டுச் சிரித்தார்.

போர்வையைப் பற்றிக் கவலைப்படாதே. மறுமுனையை அந்த டைப்பிஸ்ட் அம்மாதான் பிடிக்கிறார்.

ரேடியோவைச் சத்தமாக வைக்க முடிகிறது. படிக்கிறேன் என்று முறைக்க ஆளில்லை. உன் மேஜையை நான் தொடவில்லை. நவம்பரில் வந்து நீயே ஒழுங்கு பண்ணிக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. தலையை நன்றாகத் துவட்டு.

உன் அக்கா

*

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம், கையில் மட்டும் கயிறு இழுத்துக் கொப்புளம். நீயும் முழங்காலும் சுகமா?

போன செவ்வாய்க்கிழமை முதல்முறையாகத் தனியாக ஒரு படகை ஓட்டினேன். மாஸ்டர் கரையில் நின்றார். அவருக்குக் ‘காத்து மாஸ்டர்’ என்று பேர் வைத்திருக்கிறோம். “காத்து வருதுன்னு என்கிட்ட சொல்லாதே. எங்கேருந்து வருதுன்னு சொல்லு” என்று நாளுக்கு நூறு தடவை சொல்வார். நான் கவனிக்காமல் திரும்பினேன். பாய் ஒரு அறை அறைந்து படகைக் கவிழ்த்துவிட்டது. தண்ணீரைக் குடித்து, படகை நிமிர்த்தி, ஏறி, மறுபடி ஓட்டிக்கொண்டு வந்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அக்கா, எனக்கு எதுவுமே இவ்வளவு பிடித்ததில்லை.

இப்போது பெரிய விஷயம். ஜூன் மாதம் இருபத்து மூன்று நாள் நீண்ட பயணம் ஒன்று உண்டு. ஆறு பேரைத்தான் எடுப்பார்கள். அதை முடித்தவர்களுக்கு மேலும் ஒரு வருடம் பயிற்சிக் கப்பலில் இடம், பிறகு கப்பலிலேயே வேலை. மாஸ்டர் ஆறு பேரில் என்னையும் சொல்லியிருக்கிறார்.

எனக்குப் பதினெட்டு முடியாததால் உன் கையெழுத்து வேண்டும். ஆபீசிலிருந்து கிளார்க் அம்மா சம்மதப் பாரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புவார். ஏப்ரல் முப்பதுக்குள் திரும்பி வந்துவிட வேண்டும். வந்ததும் போட்டு அனுப்பிவிடு.

உன் வாலு

*

மார்ச் 26

என் வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆறு பேரில் ஒருத்தி என்பது சந்தோஷம். கொப்புளத்தை உடைக்காதே. நான் சுகமாக இருக்கிறேன்.

இங்கே குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கிறது. பிளம்பர் வந்து பார்த்து, வாஷர் போய்விட்டது என்று சொல்லி, வாஷர் வாங்கப் போனவர் போனவர்தான். சலவைக்கூடத்தில் புது மெஷின் வந்திருக்கிறது. துணியைப் பிழிந்து உலர்த்தி வெளியே தள்ளிவிடுகிறது. மடிக்க மட்டும் இன்னும் இரண்டு ஆள் வேண்டும்.

ஒரு வருடம் என்றால் பன்னிரண்டு மாதம்தானே. அதற்குப் பிறகு வேலை என்றால் அதற்குக் கணக்கு கிடையாது. நவம்பரில் வருவாய் என்று உன் தலையணைக்குப் புது உறை தைத்து வைத்திருக்கிறேன். இருக்கட்டும்.

பாரம் எதுவும் இதுவரை வரவில்லை. வந்தால் பார்க்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ?

பாரம் வந்ததா? மார்ச் இருபதாம் தேதியே அனுப்பிவிட்டதாகக் கிளார்க் அம்மா சொல்கிறார். மற்ற ஐந்து பேருடையதும் வந்துவிட்டது. நெட்டை காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள், பாவம்.

தபால் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுப் பார். உன் பதிலுக்குத்தான் காத்திருக்கிறேன்.

உன் தங்கை

*

ஏப்ரல் 19

என் வாலுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இங்கே நான் நலம். அங்கே வெயில் அதிகமா? தொப்பி இல்லாமல் படகில் ஏறாதே.

தபால் ஆபீசுக்கு நேரிலேயே போனேன். பழைய தபால்காரர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவருக்கு நம் தெருவே சரியாகத் தெரியவில்லை. எட்டாம் நம்பர் தபாலைப் பதினெட்டில் போடுகிறார். பதினெட்டில் குடியிருந்தவர்கள் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் பெட்டியில் எத்தனை பேர் தபால் கிடக்கிறதோ. கவுண்டரில் இருந்தவர் எழுதிக் கொடுங்கள் என்றார், எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி போட்ட இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். என்ன ஆகிறதென்று பார்ப்போம்.

இந்த வருடம் இல்லாவிட்டால் என்ன, நீ சின்னப் பெண். ஒரு வருடம் வீட்டில் இருந்து மெதுவாக யோசிக்கலாம். உன்னை யாரும் துரத்தவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

மே 4

அக்காவுக்கு,

நான் நலம்.

முப்பதாம் தேதி மாலை கிளார்க் அம்மா ஆபீசுக்குக் கூப்பிட்டார். தபால் தொலைந்ததா என்று பார்க்க டிராயரைத் திறந்து தேடினார். பதிவுத் தபாலோடு போய், வாங்கியவர் கையெழுத்தோடு திரும்பி வரும் அட்டை அங்கே இருந்தது. மார்ச் 24. பக்கத்தில் மணி: மாலை 4.10. “இந்த அட்டையில மணி போட்டு வாங்கினவங்கள நான் பார்த்ததே இல்லை”ன்னு சொன்னார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து அட்டையை உள்ளே வைத்துவிட்டார்.

“இன்னொரு பாரம் அனுப்பட்டுமா? ரெண்டு நாள் தள்ளிப்போட்டுப் பாக்கறேன்” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

என் இடத்தை நெட்டைக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பயணம் முடியும்வரை கரைக்காவல்.

இங்கே வெயில் அதிகம்தான். தொப்பி போட்டுக்கொள்கிறேன்.

தங்கை

*

ஜூன் 5

அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இருந்தால் ஆபீஸ் போனுக்குச் சொல். கிளார்க் அம்மா என்னிடம் சொல்லிவிடுவார்.

மூன்றாம் தேதி காலை படகு போனது. ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்து வில்லையைக் கீழ் வரிசையில் மாட்டினார்கள். நெட்டை கடைசியாக மாட்டிவிட்டு, “வரட்டுமா?”ன்னு கேட்டாள். போயிட்டு வா என்றேன். பாயை ஏற்றியதும் காற்று உடனே பிடித்துக்கொண்டது. நல்ல காற்று, மேற்கிலிருந்து.

இப்போது பலகைக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். என் வில்லை மேலே தொங்குகிறது.

தங்கை

*

ஜூன் 17

என் கண்ணே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு எழுத முகம் இல்லாததால்தான் எழுதவில்லை.

நீ மே மாதமே ‘அன்புள்ள’வை எடுத்துவிட்டாய். மூட்டையில் ஒரு உறை குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவளுக்கு அது தெரியாதா.

பாரம் மார்ச் 24 அன்றே வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன், மணியும் போட்டேன். என் பதினைந்து வருஷப் பழக்கமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. புதுத் தபால்காரர், பதினெட்டாம் நம்பர், கண்ணாடி போட்ட இளைஞர் எல்லாம் பொய். பழையவர்தான் வருகிறார். அவரைப் பார்த்தால் எனக்குத்தான் கூசுகிறது.

கடலுக்குப் பயந்து போடவில்லை என்று எழுதலாமென்று மூன்று தாள் கிழித்தேன். பயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் காரணம் அது இல்லை. அறக்கட்டளை விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்ததும் நான், விண்ணப்பத்தை நிரப்பியதும் நான். கிடைக்காது என்று நினைத்துத்தான் நிரப்பினேன். தங்கைக்காக முயற்சி பண்ணினாள் என்ற பேரும் இருக்கும், நீயும் வீட்டில் இருப்பாய். கிடைத்துவிட்டது. சரி, நவம்பர்வரைதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா போனபோது உனக்கு எட்டு வயது. அன்றிலிருந்து இந்த வீட்டில் என்னோடு பேச நீ மட்டும்தான் இருந்தாய். அந்தப் பாரத்தில் ‘அதன்பின் கப்பல் வேலைக்கும் சம்மதம்’ என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கை வரவில்லை. மடித்த போர்வைகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம் என்று ஏப்ரல் முப்பது தாண்டிப் போனது.

டைப்பிஸ்ட் அம்மா போர்வை பிடிப்பதும் பொய்தான். ஜனவரியிலேயே மகன் வீட்டோடு போய்விட்டார், சர்க்கரையைத் திருப்பித் தந்ததே அதற்காகத்தான். எதிர்க் கதவில் பூட்டுதான் தொங்குகிறது. போர்வையின் இரண்டு மூலையை ஜன்னல் கொக்கியில் மாட்டி, மறுமுனையை நான் பிடித்து மடிக்கிறேன். சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள் வீட்டில் எல்லாப் போர்வையும் கோணல்.

உன் இடத்தை நான்தான் பறித்தேன். கையெழுத்துப் போட்ட பாரத்தை இதோடு வைத்திருக்கிறேன். எதற்கும் உதவாது என்று தெரியும். ஜூன் 17, காலை 6.05 என்று போட்டிருக்கிறேன்.

திட்டியாவது எழுது.

உன் அக்கா

*

ஜூலை 25

என் கண்ணே,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் கடிதம் கிடைத்ததா? ஆபீசுக்குப் போன் செய்து கேட்டேன், நீ நன்றாகச் சாப்பிடுவதாகக் கிளார்க் அம்மா சொன்னார். கூப்பிடட்டுமா என்று கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன்.

குழாய் இன்னும் சொட்டுகிறது. வாளியை நகர்த்தி நகர்த்தி வைக்கிறேன்.

உன் அக்கா

*

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்காலும் குழாயும் நலமா?

உன் ஜூன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். நாலு பக்கமும் திட்டு. தபாலில் போடவில்லை. அதற்கப்புறம் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அதே நாலு பக்கம்தான் வந்தது. மூன்று மாதம் ஆகிவிட்டது.

கரைக்காவலில் நடந்ததைச் சொல்கிறேன். படகு ஜூன் 26 திரும்ப வேண்டும். வரவில்லை. இருபத்தேழும் வரவில்லை. “காத்து செத்துப்போச்சு, அவ்வளவுதான். படகு நடந்தா வரும்? போய்ச் சாப்பிடு”ன்னு மாஸ்டர் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. ஆறு வில்லையும் கீழ் வரிசையில் தொங்குகிறது. ஒன்றும் செய்வதற்கில்லை. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இருபத்தெட்டாம் தேதி எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது. இருபத்தொன்பது மத்தியானம் வந்தார்கள். நெட்டை கறுத்து, உதடு வெடித்து, சிரித்துக்கொண்டு வருகிறாள். அவளைக் கட்டிப்பிடிக்காமல், “ஏன் இவ்வளவு நேரம்? ஒரு மனுஷி இங்க உக்காந்திருக்கேன்னு நினைப்பு இருக்கா?”ன்னு கத்தினேன். அவள் திகைத்துப்போனாள். எனக்கே அது உன் குரலாகக் கேட்டது.

அதனால் நீ செய்தது சரியாகிவிடாது. அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த பயணம் கிடைத்திருக்காவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கிடைத்துவிட்டது. இந்த வருடம் நவம்பரிலும் ஒரு நீண்ட பயணம் புதிதாக வைத்திருக்கிறார்கள், 8-ஆம் தேதி கிளம்புகிறேன். அங்கிருந்து நேராகப் பயிற்சிக் கப்பல், மொத்தம் பதின்மூன்று மாதம். நடுவில் வீட்டுக்கு வர முடியாது. பதினாலாம் தேதியோடு எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதால் இந்தத் தடவை என் பாரத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். உன் கையெழுத்து தேவைப்படவில்லை.

ஆனால் புதுப் பாரத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது: ‘கரையில் இருப்பவர்’. படகு கிளம்பினாலும், தாமதமானாலும், என்ன ஆனாலும் தகவல் அவருக்குத்தான் போகும். நாலு நாள் அதைக் காலியாக வைத்திருந்தேன். மாஸ்டர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். கடைசியில் உன் பெயரைப் போட்டேன்.

உனக்கு ஒரு உறுதிமொழித் தாள் பதிவுத் தபாலில் வரும். இஷ்டம் இருந்தால் போடு. இல்லாவிட்டால் வெறும் தாளாகவே திருப்பி அனுப்பிவிடு, மாஸ்டர் பெயரைப் போட்டுக்கொள்கிறேன். போர்வைகளுக்கு நடுவில் மட்டும் வைத்துக்கொள்ளாதே.

உன் வாலு

*

அக்டோபர் 6

என் வாலுக்கு,

நீ நலம் என்று உன் கையால் எழுதிப் பார்த்ததில் எனக்கும் நலம்தான்.

தாள் இன்று வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “மறுபடியும் ரிஜிஸ்டரா? என்னம்மா விஷயம்?”னு கேட்டார். “என் தங்கச்சி கப்பல்ல போறா”ன்னு சொன்னேன். பதின்மூன்று மாதம் என்றும் சொன்னேன். எந்தப் பக்கக் காற்றில் எப்படித் திருப்ப வேண்டும் என்றும் எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். பாவம், அவர் பையில் இன்னும் பாதித் தெரு இருந்தது.

வாசலிலேயே நின்று படித்தேன். மூன்று வரிதான். ‘பயணம் முடியும்வரை மேற்கண்ட முகவரியில் இருப்பேன். முகவரி மாறினால் ஒரு வாரத்துக்குள் தெரிவிப்பேன். எந்தத் தகவலையும் நானே பெற்றுக்கொள்வேன்.’ மூன்றாவது வரியில் கொஞ்சம் நின்றுவிட்டேன். எந்தத் தகவலையும் என்று போட்டிருக்கிறார்கள். முதல் வரிக்குத்தான் அழுகை வந்தது. ஒன்பது மாதமாக இந்த வீட்டில் நான் எதற்கு இருக்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு ஆபீஸ் நான் இங்கே இருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்கிறது.

இனிமேல் உனக்குப் பொய்யாக நலம் என்று எழுத மாட்டேன். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழுவரை இந்த அறையில் இருக்கவே முடியவில்லை. ஏழுக்குமேல் பரவாயில்லை. போர்வை இன்னும் கோணல்தான். குழாய்க்கு நானே வாஷர் வாங்கி வந்து போட்டுவிட்டேன், சொட்டுவது நின்றுவிட்டது. அந்தச் சத்தமும் இல்லாமல் போய்விட்டதே என்று இருக்கிறது.

உன் தலையணை உறையை இதோடு வைத்திருக்கிறேன். கப்பலுக்கு எடுத்துக்கொண்டு போ.

தாள் வாங்கியது 4.20. கையெழுத்துப் போட்டது 4.22. தபால் ஆபீஸ் ஐந்தரைக்கு மூடுகிறார்கள். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

காற்று எங்கிருந்து வருகிறதென்று பார்த்து ஓட்டு. நான் இங்கேதான் இருப்பேன்.

உன் அக்கா
மாலை 4.50